இடுப்பு மூட்டு நழுவிய நாய்: உள்ளே தள்ளுவதா, திறந்து கட்டுவதா, பந்தை எடுத்துவிடுவதா?

சாக்கில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். டீக்கடை நாய். பெயர் மணி, எடை 16 கிலோ. விடிகாலையில் பால் வண்டி இடித்திருக்கிறது. "சுளுக்குதான் சார், உருவிவிட்டா சரியாயிரும்னு சொன்னாங்க" என்றார் கடைக்காரர். இறக்கிவிட்டதும் மணி மூன்று காலில் நின்றது. தூக்கிவைத்திருந்த பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் குறுக்கே போயிருந்தது, முழங்கால் வெளிப்பக்கம் பார்த்தது. படுக்கவைத்து இரண்டு பின்னங்கால்களையும் பின்னால் நீட்டிப் பிடித்தேன். ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டை. பிட்டத்து எலும்புக்கும், தொடை எலும்பின் மேல்பக்கம் வெளியே புடைத்திருக்கும் தொடைமேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக் காலை வெளியே திருப்பினேன். மூட்டு அதன் இடத்தில் இருந்தால் எலும்பு வந்து விரலை நெம்பித் தள்ளும். மணியின் எலும்பு என் விரல் பக்கமே வரவில்லை.

"இடுப்பு மூட்டு நழுவியிருக்கு" என்றேன்.

"அப்ப ஒரு கட்டுப் போட்டு அனுப்பிருங்க சார்."

சிக்கலே அங்கேதான். கட்டு என்பது இருக்கிற நாலைந்து வழிகளில் ஒன்று. எல்லா நாய்க்கும் அது ஒத்துவராது, எல்லா வீட்டுக்கும் நிச்சயமாக ஒத்துவராது.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு கிண்ணம். பந்தின் உச்சியிலிருந்து கிண்ணத்தின் அடிக்கு ஒரு சிறு நார் ஓடும், சுற்றிலும் சவ்வுப் பை, அதற்கு மேலே பிட்டத் தசைகள். வண்டி இடிக்கிற வேகத்தில் நார் அறுந்து பை கிழிகிறது. பிடிப்பு விட்ட பந்தைப் பிட்டத் தசைகள் மேலே, முன்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பெரும்பாலான நாய்களில் கால் குட்டையாகத் தெரிவது இதனால்தான். சிலவற்றில், முக்கியமாகக் கால் அகன்று வழுக்கி விழுந்தவற்றில், பந்து கீழ்ப்பக்கம் இறங்கியிருக்கும், கால் நீண்டு தெரியும். இந்த வித்தியாசம் கட்டுப் போடும்போது தேவைப்படும். நாய், பூனைகளுக்கு அடிபட்டு நழுவும் மூட்டுகளில் 90 சதவீதம் வரை இடுப்புதான் என்று பாடநூல்களில் இருக்கிறது. என் மேசைக்கு வருவதும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான்.

முடிவெடுப்பதற்கு முன்னால் முதல் நாள் என்று ஒன்று இருக்கிறது. எல்லார் கண்ணும் காலில் இருக்கும். என் கண் நெஞ்சில் இருக்கும். வண்டியில் அடிபட்ட நாயின் நுரையீரலில் ரத்தக்கசிவு இருக்கலாம். அது முதல் மணிநேரத்தில் தெரியாமல் மறுநாள் மூச்சிரைப்பாக வெளிவரும். மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். அதனால் நாய் சிறுநீர் கழித்ததா என்று நான் மூன்று தடவை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். மூட்டை உள்ளே தள்ள முழு மயக்கம் வேண்டும், நெஞ்சில் அடி உள்ள நாய்க்கு அவசர மயக்கம் எமனாக முடியும். இன்னொரு பக்கம், மூட்டு வெளியே கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை இறுகுகிறது, கிண்ணத்துக்குள் நார்த்திசு வளர்ந்து அடைக்கிறது, பந்தின் குருத்தெலும்பு இடுப்பெலும்பில் உரசித் தேய்கிறது. ஆகவே, ஒரு நாள் நிலைப்படுத்திவிட்டு இரண்டு மூன்று நாளுக்குள் மூட்டைக் கவனிப்பது என் வழக்கம். நாலைந்து நாள் தாண்டிவிட்டால் வெறுங்கையால் தள்ளி உட்காரவைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அந்த இடைவெளியில் வீட்டு மருந்துப்பெட்டியைத் திறக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கு அவற்றுக்கென்று மருந்து இருக்கிறது. எடை பார்த்து நாங்கள் தருகிறோம்.

பிறகு எக்ஸ்ரே. ஒன்று போதாது, பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று. காசை மிச்சம் பிடிக்க ஒரே படத்தோடு வருபவர்கள் உண்டு. அதில் பந்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சரியாகத் தெரியாது. நார் அறுந்தபோது பந்திலிருந்து ஒரு சில்லையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறதா, கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருக்கிறதா, கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாததா என்பதெல்லாம் இரண்டு படமும் இருந்தால்தான் பிடிபடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றில் ஆழமில்லாத கிண்ணம் சகஜம். சில்லு, உடைந்த விளிம்பு, ஆழமில்லாத கிண்ணம், இந்த மூன்றில் எது இருந்தாலும் வெட்டாமல் தள்ளுகிற முதல் வழியை மறந்துவிடலாம்.

வெட்டாமல் உள்ளே தள்ளுவது

மயக்கம் ஆழமாக இருக்க வேண்டும். தசை தளராவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் வராது. ஒரு துண்டை நாயின் தொடையிடுக்கில் கொடுத்து உதவியாளர் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பார். நான் காலை வெளிப்பக்கம் திருப்பி, கீழ்நோக்கிப் பின்னால் இழுப்பேன். பந்து கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டியது கைக்குத் தெரிந்ததும் காலை உள்பக்கம் திருப்பி, தொடைமேட்டை உள்ளங்கையால் அழுத்துவேன். 'டொக்' என்று ஒரு சத்தம், சத்தத்தைவிட அதிர்வு. அந்த அதிர்வுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று சில நாள் தோன்றும். அதோடு முடிந்துவிடாது. அழுத்தியபடியே காலை நீட்டி மடக்கிப் பத்து நிமிஷம் சுற்ற வேண்டும். கிண்ணத்துக்குள் கிடக்கும் ரத்தக்கட்டியும் கிழிந்த சவ்வும் அப்போதுதான் வெளியேறும். மறுபடி எக்ஸ்ரே. பிறகு கட்டு.

அந்தக் கட்டுக்கு எமர் ஸ்லிங் என்று பெயர். முழங்காலை மடக்கி, தொடை உள்பக்கம் திரும்பி நிற்கும்படி பாதத்தையும் தொடையையும் எட்டு வடிவில் சுற்றி, இடுப்போடு சேர்த்துப் பிடிப்பது. 10 முதல் 14 நாள் இருக்க வேண்டும். மேலே போன மூட்டுக்குத்தான் இது. கீழே இறங்கிய மூட்டுக்கு இதைப் போட்டால் மூட்டு திரும்பவும் வெளியேற வழி செய்து கொடுத்ததாகிவிடும். அதற்கு இரண்டு பின்னங்கால்களும் அகலாதபடி இணைத்துக் கட்டுகிற தளை போதும்.

இனி உண்மையைச் சொல்கிறேன். இப்படி உட்காரவைத்த மூட்டுகளில் ஏறக்குறைய பாதி திரும்ப நழுவிவிடுகிறது. இது என் கைராசியின் குறை இல்லை, பெரிய மருத்துவமனைகளின் கணக்கும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. கட்டும் சும்மா இருக்காது. நம் வெயிலில் கட்டுக்குள் ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும். ஆண் நாய் என்றால் சிறுநீர் பட்டு நனையும். இறுக்கம் கூடினால் விரல்கள் வீங்கும். தினமும் விரல் நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கட்டை மோந்து பார்க்க வேண்டும். நாற்றம் வந்தால் அன்றே வாருங்கள், வியாழக்கிழமைதானே வரச் சொன்னார் என்று காத்திருக்காதீர்கள்.

வெட்டுக் கிடையாது, செலவு குறைவு, ஜெயித்தால் அதன் சொந்த மூட்டு அதற்கே மிஞ்சும். அதனால் அடிபட்ட சில நாளுக்குள் வந்து, எலும்பு எங்கும் உடையாமல், கிண்ணமும் நல்லதாக இருந்தால் முதலில் இதைத்தான் முயல்வேன். ஒரு தடவை. நழுவினால் இரண்டாவது தடவை தள்ளிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திறந்து கட்டுவது

அறுவை செய்து மூட்டைக் கண்ணால் பார்த்து உட்காரவைப்பது அடுத்த வழி. கிழிந்த பை தைக்கிற அளவுக்கு மிஞ்சியிருந்தால் தைப்பார்கள். பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. அப்போது தொடை எலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து பந்தின் உச்சி வரை துளையிட்டு, கிண்ணத்தின் அடியிலும் ஒரு துளையிட்டு, தடித்த செயற்கை நூலை உள்ளே செலுத்துவார்கள். நூலின் முனையிலுள்ள சின்ன உலோகக் கம்பி கிண்ணத்துக்கு அப்பால் போய்க் குறுக்கே விழுந்து பூட்டிக்கொள்ளும், சட்டைப் பொத்தான் துளையைத் தாண்டிக் குறுக்கே நிற்பதுபோல. அறுந்த நாரின் இடத்தில் ஒரு கள்ள நார். இதற்கு டாகிள் என்று பெயர். அந்த நூலும் ஒரு நாள் அறும். ஆனால் அதற்குள் மூட்டைச் சுற்றி வடுத்திசு கெட்டிப்பட்டு, பை போலப் பிடித்துக்கொண்டிருக்கும். நூலின் வேலை அதுவரை தாக்குப்பிடிப்பது மட்டும்தான்.

பத்தில் எட்டு ஒன்பது நன்றாக நிற்கிறது. 25, 30 கிலோ நாய்க்கு, வெட்டாத வழி தோற்ற நாய்க்கு, இன்னொரு காலும் உடைந்து இந்தக் காலை ஊன்றியே ஆகவேண்டிய நாய்க்கு இதுதான் சரி. கட்டு இல்லாமலே காலை ஊன்ற முடியும் என்பது பெரிய விஷயம். ஆனாலும் நாலிலிருந்து ஆறு வாரம் துள்ளல், மாடிப்படி, ஓட்டம் எதுவும் கூடாது. டிரில், அதற்கான கம்பி, கை பழகிய ஆள் எல்லாம் வேண்டும். என் கிளினிக்கில் நான் இதைச் செய்வதில்லை. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றின் அறுவைப் பிரிவுக்கு எக்ஸ்ரேயோடு அனுப்பிவிடுவேன். தனியாரைவிடக் கட்டணம் பல மடங்கு குறையும். என்ன, டோக்கனுக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டும்.

செயற்கை மூட்டு வைக்கிற வழியும் உண்டு. செய்பவர்களும் குறைவு, செலவும் சாமானியர் கைக்கு எட்டாதது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் இல்லை.

பந்தை எடுத்துவிடுவது

இதைச் சொன்னதும் முகம் மாறாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. "எலும்ப வெட்டி எடுத்துட்டா அப்புறம் எப்படி டாக்டர் நடக்கும்?" நியாயமான கேள்வி. தொடை எலும்பின் பந்தைக் கழுத்தோடு அறுத்து எடுத்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசுவது நின்றுவிடும். மிச்ச எலும்பைத் தசைகளே தொட்டில் மாதிரி தாங்கிப் பிடிக்கும். நடக்க நடக்க நடுவில் நார்த்திசு திரண்டு ஒரு பொய்மூட்டு உண்டாகும். கால் கொஞ்சம் குட்டையாகும், தொடை கொஞ்சம் சூம்பும், ஓடும்போது ஒரு சின்ன தத்தல் இருக்கும். வலி இருக்காது. ஏறத்தாழ 20 கிலோவுக்குள் உள்ள, ஒல்லியான, துறுதுறுப்பான நாய்க்கு இது அருமையான வழி. கனத்த, சோம்பலான, சோறு கண்ட லாப்ரடாருக்கு இதைச் செய்தால் காலை ஊன்றாமலே காலத்தை ஓட்டிவிடும்.

வெட்டிய எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் எடுத்த எடுப்பில் இதற்குப் போகக்கூடாது என்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. முதல் இரண்டு வழியில் எது தோற்றாலும் கடைசியில் இங்கே வந்து சேரலாம், இங்கிருந்து அங்கே போக முடியாது.

ஆனால் பிரசுரங்களில் கண்ணில் படாத ஒரு வித்தியாசத்தை நான் வருகிறவர்களிடம் முதலில் சொல்வேன். முதல் இரண்டு வழிக்கும் மருந்து ஓய்வு. மூன்றாவதற்கு மருந்து நடை. உள்ளே தள்ளிய மூட்டு, நாய் ஓடினால் கெடும். பந்து எடுத்த கால், நாய் படுத்தே கிடந்தால் கெடும், தசை இறுகி விறைத்துப்போகும். வலிமருந்து ஒழுங்காகக் கொடுத்து, முதல் சில நாளிலேயே காலை மெல்ல நீட்டி மடக்கி, கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும். மெதுவாக என்பது முக்கியம். வேகமாக ஓடும் நாய் மூன்று காலிலேயே ஓடும், மெல்ல நடந்தால்தான் நாலாவதை ஊன்றும். தையல் பிரித்த பிறகு கிணறோ குளமோ இருந்தால் நீச்சல் இன்னும் நல்லது.

ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு வீட்டைப் பற்றி விசாரிப்பேன். டைல்ஸ் தரையா, சிமெண்ட்டா, மண்ணா? மாடிப்படி உண்டா? பகலில் யார் இருக்கிறார்கள்? கேட் சத்தம் கேட்டால் பாயுமா? கட்டிப்போட்டுப் பழக்கம் உண்டா? இரண்டு வாரம் ஒரு நாயை அசையாமல் வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எமர் கட்டோடு ஒரு நாயை வீட்டுக்கு அனுப்பி, முதல் வெடிக்கே மூட்டு நழுவி வந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

பூனை வேறு ஜாதி. எமர் கட்டைப் பூனைக்குப் போடுவது உங்களையும் என்னையும் அதையும் சேர்த்துத் துன்புறுத்துவது. பாம்பு தோலை உரிப்பதுபோல உருவிக்கொண்டு பீரோ மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எடை நாலு கிலோ என்பதால் பந்தை எடுத்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் பிரமாதமாக நடக்கும், மதிலும் ஏறும். வெட்டாமல் ஒரு தடவை தள்ளிப் பார்த்து, கட்டுப் போடாமல் கூண்டில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. நழுவினால் நேராகப் பந்தை எடுப்பதற்கே போவேன். சொந்த மூட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் டாகிள் பூனைக்கும் போடலாம்.

மாடியிலிருந்து விழுந்த பூனையின் வாய் கோணியிருந்தால் தாடை மூட்டு நழுவியிருக்கலாம். பெரும்பாலும் மூட்டு முன்னால் நழுவும், தாடை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். மயக்கத்தில் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, முன்வாயை மூடி அழுத்திப் பின்னால் தள்ளினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் கடன் வாங்கி இதைச் செய்திருக்கிறேன். முன்னங்காலின் முழங்கை மூட்டு நழுவினாலும் தேர்வு சுலபம். அது பெரும்பாலும் வெளிப்பக்கமாகவே போகும், முதல் சில நாளில் வந்தால் வெட்டாமலே தள்ளிவிடலாம், பக்கத் தசைநார்கள் தாங்கினால் இரண்டு வாரம் நீட்டிக் கட்டினால் போதும். இடுப்பைவிட முழங்கை எவ்வளவோ நம்பிக்கையானது. பொமரேனியன், பக் போன்ற சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது பெரும்பாலும் பிறவிக் கோளாறு. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாட்டுக் கட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி வாசகர்கள் கோபித்துக்கொள்வீர்கள். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற முறையை நான் கேலி செய்யமாட்டேன். முழங்காலுக்குக் கீழே நேர்கோட்டில் உடைந்த எலும்பு அதில் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இடுப்பு மூட்டு தசைக்குள் புதைந்து கிடக்கிறது, அதைப் பிடிக்கிற மாதிரி பத்தை வைக்கவே முடியாது. கட்டு முழங்காலோடு நின்றுவிடும், நழுவிய மூட்டுக்குக் கீழே அது கடிகாரக் குண்டு மாதிரி தொங்கி இன்னும் இழுக்கும். மயக்கம் இல்லாமல் உருவுவதோ வதை. அதைவிட மோசம், அந்தக் கட்டோடு பத்து நாள் போய்விடும். பத்தாம் நாள் என்னிடம் வரும்போது முதல் வழி அடைபட்டிருக்கும், இரண்டாவது பாதி அடைபட்டிருக்கும்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். சில நாய்கள், அதைவிட அதிகமாகப் பூனைகள், தானாகவே ஒரு பொய்மூட்டு உண்டாக்கிக்கொண்டு நொண்டி நடக்கும். தெருவில் பார்க்கிறோமே. அவற்றுக்கு வலி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பந்தின் முனை எலும்பில் உரசிக்கொண்டேதான் இருக்கும். நரம்பும் செத்து, தோலும் பிய்ந்துபோன காலாக இருந்தால் காலையே எடுத்துவிடலாம். மூன்று காலில் நாயும் பூனையும் மனிதர்கள் பயப்படுகிற அளவுக்குத் திண்டாடுவதில்லை. மூட்டு மட்டும் நழுவிய கால் என்றால் அந்த இடம் வரை போகத் தேவையில்லை.

மணி வந்த அதே மாதத்தில் ஒரு ராஜபாளையம் நாயும் வந்தது. பெட்டை, 26 கிலோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. மூன்றாம் நாளே தள்ளி உட்காரவைத்து எமர் கட்டும் போட்டேன். ஐந்தாம் நாள் கூடத்து டைல்ஸில் வழுக்கி மூட்டு வெளியே வந்துவிட்டது. கல்லூரிக்கு அனுப்பினேன், டாகிள் போட்டார்கள். ஆசிரியர் வீடு முழுக்கக் கோணிப்பை விரித்து, அவற்றின் ஓரங்களை டேப்பால் ஒட்டி, ஆறு வாரம் நாயோடு கூடத்திலேயே படுத்தார். அவரால் முடிந்தது, அந்த நாய்க்கு அந்த வழி சரி.

மணிக்கு எக்ஸ்ரேயில் பந்தின் உச்சியில் ஒரு சில்லுப் பிய்ந்திருந்தது. அது இல்லாவிட்டாலும், யாருக்கும் கட்டுப்படாத டீக்கடை நாயை இரண்டு வாரம் எங்கே அடைப்பது? "படுக்க வைக்கச் சொன்னா என்னால ஆகாது சார். நடக்க விடச் சொன்னா அது பாட்டுக்கு நாள் பூரா பெஞ்சு பெஞ்சாப் போயி பிஸ்கட்டுக்கு நிக்கும்" என்றார் கடைக்காரர். பந்தை எடுத்தேன். வாரத்துக்கு இரண்டு தரம் தையலைப் பார்க்கும் சாக்கில் அங்கே டீ குடித்தேன். மூன்றாவது வாரம் விரல் நுனியைத் தரையில் தொட்டது. இரண்டாவது மாதம் நாலு காலிலும் நடந்தது, அவசரத்தில் மட்டும் ஒரு தத்தல். இப்போதும் பெஞ்சுகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. விடிகாலையில் பால் வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் கடைக்காரர் அதைக் கயிற்றில் கட்டிவைக்கிறார்.